செல்லாத விசில்

எங்கள் வட்டாரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடக்கும் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவர்கள் மூன்று பேர். நடுவர் சங்கத்துக்கு நிர்வாகிகள் பதினான்கு பேர். நான் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. சங்கத்தின் ஆண்டு மலரிலேயே, தலைவரின் முழுப்பக்கப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் போட்டிருக்கிறது.

மூன்று பேர் போதவில்லை என்றால் யாருடைய ஆட்டத்தை நிறுத்துவார்கள்? மூளையைக் கசக்க வேண்டியதில்லை. 'நடுவர் பற்றாக்குறையின் காரணமாக மாணவியர் ஆட்டங்கள் மட்டும் மறு அறிவிப்பு வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன' என்று பள்ளிக்குக் கடிதம் வந்தது. என் மகள் பள்ளி அணியின் கேப்டன். கடிதத்தை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. எனக்கு ஏது அடுத்த வருஷம்? ஸ்கூலே முடிஞ்சிடும்."

இன்னும் நாலு ஆட்டம் பாக்கி இருந்தது. பள்ளியின் பி.டி. டீச்சருக்கு ஃபோன் போட்டேன். "ஒரே ஒரு ஆள் கூடினா போதுங்க, நாலு மேட்சையும் நடத்திடலாம். ஆனா அந்த ஒரு ஆளுக்கு எங்க போறது?" என்றார்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று கேட்டு, பவர் குறித்துக் கொடுப்பேன். பள்ளி நாட்களில் நானும் பந்து தட்டியவள்தான். ஒரு ஆள்தானே, நானே போய் நடுவர் ஆகிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதைப் போல நினைத்துவிட்டேன்.

சங்க அலுவலகம் விளையாட்டரங்கத்தின் முதல் மாடியில் இருக்கிறது. உள்ளே ஒரு பெரிய மேசை, ஒரு பீரோ, பீரோவுக்குள் பூட்டி வைத்த விசில்கள். பக்கத்து அறையில் 'பற்றாக்குறை ஆய்வுக் குழு' டீ குடித்துக்கொண்டிருந்தது. பதினொரு உறுப்பினர்கள். பதினொரு பேரும் முன்னாள் நடுவர்கள், கை கால் நன்றாக இருக்கிறவர்கள். நடுவர்கள் ஏன் கிடைப்பதில்லை என்று நான்கு வருடமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் 'நடுவர் ஆக விரும்பும் காரணம்' என்ற இடத்தில் 'ஆள் இல்லாததால்' என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படித்தார்.

"என்னம்மா இது? ஆள் இல்லன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான் சார். ஸ்கூலுக்கு லெட்டர் போட்டிருக்கீங்க."

"அது வெளியில சொல்றது. சங்கத்துக்குள்ள அப்படிச் சொல்லக் கூடாது. அதுக்குன்னு ஒரு குழுவே உக்காந்து வேலை பாக்குது. 'சேவை மனப்பான்மை'ன்னு மாத்துங்க."

மாற்றினேன். அடுத்தது கண் பரிசோதனை. நான் தினமும் இருபது முப்பது பேருக்குக் காட்டுகிற அதே அட்டை சுவரில் தொங்கியது. கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சரியா தப்பா என்று பார்க்க அவர் எழுந்து போய், அட்டைக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சரிதான் போலிருக்கு" என்றார்.

என் தொழில் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "சார், உங்க இடது கண்ணுல புரை விழுந்திருக்கு. டாக்டரைப் பாத்தீங்களா?"

"பதவிக்காலம் முடியட்டும்மா. இப்ப ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஒரு மாசம் சீட்டுல உக்கார முடியாது. எவன்டா எந்திரிப்பான், நாம உக்காரலாம்னு அடுத்த ரூம்ல பதினோரு பேர் டீ குடிச்சிக்கிட்டிருக்கான்."

களத்தில் ஓடும் மூன்று நடுவர்களில் இவர் ஒருவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பயிற்சி வகுப்பு ஆறு சனிக்கிழமைகள் நடந்தது. சேர்ந்தது ஏழு பேர். முதல் சனிக்கிழமை முழுக்கத் தலைவர் பேசினார். அவர் வந்தால் நாங்கள் எழுந்து நிற்க வேண்டும், அவர் உட்கார்ந்த பிறகு ஐந்து எண்ணிவிட்டு உட்கார வேண்டும். இது பாடத்திட்டத்தில் இருக்கிறது.

"ஓடற நடுவரைப் பாத்து யாரும் பயப்பட மாட்டான்" என்று தலைவர் ஆரம்பித்தார். "நடுவர்னா நிக்கணும். நான் நின்னா அந்தக் கோர்ட்டே நிக்கும். பதினேழு வருஷத்துல நான் ஒரு தப்பான முடிவு எடுத்தேன்னு எவனாவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன் முடியாது? பதினேழு வருஷமா நான் ஒரு முடிவும் எடுக்கல!"

கைதட்டினார்கள். கைதட்டுவதற்கும் மதிப்பெண் உண்டு என்று பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்துச் சொன்னதால் நானும் தட்டினேன். அவர் ஒரு பஸ் டிரைவர். மகன் படிக்கிற பள்ளிக்கு நடுவர் வரவில்லை என்று என்னைப் போலவே கிளம்பி வந்தவர்.

"புள்ளைங்க விழும், எந்திரிக்கும்" என்று தலைவர் தொடர்ந்தார். "இன்னிக்கு வரும், நாலு வருஷத்துல ஸ்கூல விட்டே போயிடும். சங்கம் எங்க போகும்? சங்கம் இங்கதான் இருக்கும். அதனால நமக்கு யாரு முக்கியம்னு நீங்களே யோசிச்சிக்கங்க."

ஆறாவது சனிக்கிழமை தேர்வு. ஐம்பது கேள்விகள். சங்கத்தின் பெயர்ப் பலகைக்கு எந்த ஆண்டு புது வர்ணம் அடித்தார்கள்? தலைவர் அரங்கத்துக்குள் வரும்போது நடுவர் எந்தக் கையில் பந்தை வைத்திருக்க வேண்டும்? இப்படி நாற்பத்தாறு போனது. கூடைப்பந்தைப் பற்றி மொத்தம் நாலு கேள்வி. அதில் ஒன்று: 'ஆட்டக்காரர் அடிபட்டு விழுந்து எழாமல் கிடந்தால் நடுவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?'

'ஆட்டத்தை நிறுத்த வேண்டும்' என்று டிரைவர் எழுதினார். முட்டை போட்டார்கள். கையேட்டில் இருக்கும் விடை, 'கண்காணிப்பாளரை நோக்கித் திரும்பி, அவரது தலையசைப்பைப் பெற வேண்டும்' என்பது. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சங்க நிர்வாகிதான் கண்காணிப்பாளர். பெரும்பாலும் அது தலைவராகத்தான் இருக்கும். அவருக்குத்தான் கை வைத்த நாற்காலி.

டிரைவர் விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேராகச் செயலாளரிடம் போனார். "நான் பஸ் ஓட்டறவன் சார். குறுக்க ஆள் விழுந்தா பிரேக்கதான் மிதிப்பேன். டெப்போ மேனேஜர் தலையாட்டட்டும்னு பாத்துக்கிட்டிருந்தா இந்நேரம் நான் ஜெயில்ல இருப்பேன்."

"அதான் உங்களுக்கு நடுவருக்கான பக்குவம் வரலங்கறது" என்றார் செயலாளர். டிரைவர் தாளை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

நான் தேறிவிட்டேன். கையேட்டில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து எழுதியிருந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன், ஏனென்றால் என் மகளுக்கு அந்த நாலு ஆட்டமும் வேண்டும்.

தேறியதும் விசில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தீர்களா? கொடுத்தார்கள். ஊதும் இடத்தில் காகிதப் பட்டை சுற்றி, அரக்கு வைத்து, அதன்மேல் சங்க முத்திரை குத்திக் கொடுத்தார்கள். முதல் பத்து ஆட்டங்களுக்கு நான் மௌன நடுவர். களத்தில் ஓட வேண்டும், ஊதக் கூடாது. ஃபவுல் கண்ணில் பட்டால் மனதுக்குள் ஊதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய், 'மனதுக்குள் ஊதியவை' என்ற நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். பத்து ஆட்டம் முடிந்ததும் ஒரு விழா வைத்து, தலைவர் கத்தரிக்கோலால் முத்திரையை வெட்டுவார்.

"ஊத முடியாத விசிலை மாட்டிக்கிட்டு நீ எதுக்கு ஓடற?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஊத முடிஞ்சவர் ஓட மாட்டேங்கறாருங்க" என்றேன்.

ஒரு நல்லது நடந்தது. ஒரு நடுவரும் ஒரு மௌன நடுவரும் சேர்ந்தால் மாணவியர் ஆட்டத்துக்கு அது போதும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. மகள் ஆடுகிற ஆட்டத்தில் நான் இருக்கலாமா என்று யோக்கியமாகவே கேட்டேன். "நீங்க எங்கம்மா இருக்கீங்க? மௌன நடுவர் கோர்ட்டுல இருந்தாலும் இல்லாத மாதிரிதான்" என்றார் செயலாளர். முதல் ஆட்டத்தில் மகள் அணி ஜெயித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். என் நோட்டில் நாற்பத்தொரு விசில் ஏறியிருந்தது.

இரண்டாவது ஆட்டம் மேற்குப் பள்ளியோடு, எங்கள் பள்ளி அரங்கத்தில். நடுவர் செயலாளர், கண்காணிப்பாளர் தலைவர். மேற்குப் பள்ளியில் ஒன்பதாம் எண் போட்ட ஒரு பெண், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவள் அணியே அவளை நெட்டை என்றுதான் கூப்பிடும். மூன்றாவது கால் பகுதி, முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது, நாங்கள் முன்னால். கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்கு நெட்டை எகிறினாள். எங்கள் பெண் ஒருத்தியும் எகிறினாள். முழங்கை பட்டு, நெட்டை அப்படியே மல்லாந்து தலை தரையில் மோத விழுந்தாள். அந்தச் சத்தம் அரங்கத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அவள் எழவில்லை.

செயலாளர் கையேட்டின்படி கண்காணிப்பாளரை நோக்கித் திரும்பினார். தலைவர் ஃபோனில் இருந்தார். ஆண்டு மலரின் அட்டையில் தன் படத்தை இடது பக்கம் போடுவதா வலது பக்கம் போடுவதா என்று அச்சகத்துக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். தலை அசைந்தது, ஆனால் அது அச்சகத்துக்கு.

விசில் கேட்கும் வரை ஆடிக்கொண்டே இரு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அதனால் ஆடினார்கள். ஒருத்தியின் ஷூ நெட்டையின் விரல்களை ஒட்டிப் போனது. பந்து என் மகள் கைக்கு வந்தது. அவள் நின்றுவிட்டாள். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே கிடந்தவளையே பார்த்தாள். செயலாளர், பந்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதற்காக, அவளுக்கு நேராக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு... ரெண்டு..."

"சார், பொண்ணு கிடக்கறா!" என்று கத்தினேன்.

"தெரியுதும்மா, தெரியுது. தலைவர் பாக்கட்டும். மூணு..."

அரக்கைப் பல்லால் கடித்துப் பிய்த்தேன். காகிதம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. துப்பிவிட்டு ஊதினேன். அதுவரை மனதுக்குள் ஊதியதையெல்லாம் சேர்த்து ஊதினேன். எல்லோரும் நின்றார்கள். நான் ஓடிப்போய் நெட்டையின் தலைக்கு அடியில் கையை வைத்தேன். கை நனைந்தது.

தலைவர் ஃபோனை இறக்கினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஊதினது?"

நெட்டைக்கு ஏழு தையல். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பதினான்கு பேர், இந்தப் பக்கம் நான். செயலாளர் தீர்மானத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"முத்திரை நீக்கப்படாத நடுவரால் ஊதப்பட்ட விசில், விசில் ஆகாது. விசில் ஊதப்படாத நிலையில் ஆட்டம் நிறுத்தப்பட்டதாகக் கருத இயலாது. ஆகவே மேற்படி ஆட்டம் இன்றுவரை நடைபெற்றுக்கொண்டிருக்கிறது."

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அதேதான்.

"சார், எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தா."

"ஆட்டத்தின் நடுவே அனுமதியின்றி வெளியேற்றம்" என்று ஒரு நிர்வாகி குறித்துக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நீங்க ஊதினதால ஒரு பொண்ணுக்கு நல்லதாச்சுன்னு சொல்றாங்க. இருக்கலாம். நான் இல்லேங்கல. ஆனா இன்னிக்கு ஒரு பொண்ணு கிடக்கறான்னு நீங்க ஊதுவீங்க. நாளைக்கு இன்னொரு பொண்ணு கிடப்பா, இன்னொருத்தன் ஊதுவான். அப்புறம் நான் எதுக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. அவருக்கே அது தெரியவில்லை.

மீதியையும் சொன்னார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருப்பதால் நெட்டை அடிபட்டதை இப்போது பதிவு செய்ய முடியாது. முடிந்த பிறகுதான் பதிவு. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் இருக்கும் அணி வேறு ஆட்டம் ஆட முடியாது. ஆகவே எங்கள் பள்ளிக்கும் மேற்குப் பள்ளிக்கும் பாக்கி ஆட்டங்கள் இல்லை. இதற்கு ஒரே ஒரு வழி உண்டு என்று செயலாளர் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு தாளை நகர்த்தினார். 'அதிகப் பயிற்சியால் என் மூச்சு தவறி விசிலில் பட்டுவிட்டது. ஆட்டக்காரர் எவரும் அடிபட்டு விழுந்ததை நான் பார்க்கவில்லை.' கீழே கையெழுத்துக்குக் கோடு.

"போட்டுக் குடுத்துடுங்கம்மா. ஆட்டம் முடிஞ்சதா அறிவிச்சிடறோம். உங்க பொண்ணு மீதி ரெண்டு மேட்சும் ஆடட்டும். பாவம், கடைசி வருஷம் வேற."

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிப் பிழைக்கிறவளிடம், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடு என்கிறார்கள். அதுவும் பிள்ளையைக் காட்டி. தாளைக் கிழித்து அவர்கள் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு ஆட்டமும் என்னுடையது இல்லை, மகளுடையது. தீர்மானத்தின் நகலையும் அந்தத் தாளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

முதலில் கையெழுத்துக் கேட்ட தாளைப் படித்தாள். "இதுல நீ கையெழுத்து போட்டா நான் ஆடவே மாட்டேன்" என்று தள்ளி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. அப்புறம் தீர்மானத்தைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"நிஜமாவே இப்படி எழுதியிருக்காங்களாம்மா? ஆட்டம் நடந்துகிட்டிருக்குன்னு?"

"முத்திரையோட."

"அப்ப நாம எதுக்கு வீட்டுல உக்காந்திருக்கோம்?"

மேற்குப் பள்ளி கேப்டனுக்கு ஃபோன் போட்டாள். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு அணியும் அரங்கத்தின் வாசலில் இருந்தன. பி.டி. டீச்சர் சாவியோடு வந்தார். "நடந்துகிட்டிருக்கற மேட்சுக்கு நான் கதவை மூடி வெச்சா அது என் மேல தப்பாயிடும்ல?" என்று இரண்டு கதவையும் விரியத் திறந்தார். நெட்டை தலையில் கட்டோடு வந்திருந்தாள். ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து, புத்தகத்தில் விட்ட இடத்தைப் பிரித்தாள். பந்தை மகளிடம் போட்டார்கள். முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பதிலிருந்து ஆட்டம் நகர்ந்தது. ஆட்டத்தின் நடுவில் நடுவரை மாற்றக் கூடாது என்பதால் நானும் ஓடினேன். விசில் என் பையில்தான் இருந்தது. தப்பு செய்தவளே கையைத் தூக்கி "நான்தான்" என்றாள், பந்தை எதிரணியிடம் கொடுத்தாள். அவ்வளவு ஒழுங்காக ஓர் ஆட்டம் நடந்து நான் பார்த்ததில்லை.

அரைமணி நேரத்தில் தலைவரும் செயலாளரும் படியேறி வந்தார்கள்.

"நிறுத்துங்க! யாரைக் கேட்டு ஆடறீங்க?" என்று செயலாளர் கத்தினார்.

என் மகள் பந்தைத் தட்டிக்கொண்டே அவரைத் தாண்டி ஓடினாள். "கத்தினா நிக்காது சார். விசில்தான் ஊதணும்."

அவர் பையைத் துழாவி விசிலை எடுத்து வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. தலைவர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார்.

"ஊதாதய்யா! நீ ஊதினா ஆட்டத்தை நிறுத்தினதா ஆயிடும். நிறுத்தினா முடிக்கணும். முடிச்சா அந்தப் பொண்ணு விழுந்ததை எழுதணும். எழுதினா நான் ஃபோன் பேசிக்கிட்டிருந்ததையும்ல எழுதணும்!"

முக்கால்வாசி காலியான அரங்கத்தில் குரல் நன்றாக எதிரொலிக்கும். பெற்றோர் வரிசையில் இருந்த முப்பது பேருக்கும் கேட்டது. நெட்டையின் அம்மாவுக்கும் கேட்டது. அவர் எழுந்து நின்றார். நான் தலைவரிடம் சொன்னேன்.

"ஊதச் சொல்லுங்க சார். பதினேழு வருஷம் கழிச்சு ஒரே ஒரு முடிவு எடுங்க. அந்தப் பொண்ணு அங்கதான் உக்காந்திருக்கா. அவ தலையைப் பாத்துட்டு ஊதச் சொல்லுங்க."

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். விசில் செயலாளரின் பல்லுக்கு நடுவில் அப்படியே இருந்தது. பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

நெட்டை ஸ்கோர் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். தலைவருக்கு முன்னால் நின்றபோது அவர் அவளை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. "நீங்க எழுதறீங்களா சார்?" என்று மரியாதையாகத்தான் பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே புத்தகத்தைக் கை மேல் வைத்துக்கொண்டு, எழுத எழுத உரக்கச் சொன்னாள்.

"ஒன்பதாம் எண். தலையில அடி. ஏழு தையல். நடுவர் பாத்தார், ஊதல."

எழுதி முடித்துவிட்டு, "அய்யய்யோ, அதுக்குள்ள ரெண்டு பாயிண்ட் போயிடுச்சே" என்று மேசைக்கு வேகமாக நடந்தாள்.